பி1 வந்ததும் ஜெர்மன் ஏன் கசக்கிறது? பாதியில் நின்றுபோகாமல் இருக்க என்ன வழி?

முதல் மாதம் வீட்டில் எல்லோருக்கும் ‘கூட்டென் மோர்கென்’தான். அம்மாவுக்குக்கூட ‘டாங்கெ’ சொல்லிக்கொடுத்தாயிற்று. மொபைலின் மொழியை ஜெர்மனுக்கு மாற்றி, செட்டிங்ஸைத் தேட முடியாமல் திண்டாடியதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏ1 பாஸ் ஆன அன்று சான்றிதழ் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறியது. ஏ2-வும் எப்படியோ முடிந்தது.

பிறகு பி1. புத்தகத்தின் மூன்றாவது பாடத்தில் அடையாளத்துக்கு வைத்த பேனா இரண்டு மாதமாக அங்கேயே இருக்கிறது. ஆன்லைன் வகுப்பில் கேமரா ஆஃப், மைக் மியூட். “இன்னைக்கு நைட் ஷிஃப்ட், நாளைக்குப் பாத்துக்கலாம்.” தெருவில் யாராவது “என்னம்மா, எப்போ ஜெர்மனி கிளம்புற?” என்று கேட்டால் மட்டும் வயிற்றைப் பிசைகிறது.

இது யாரோ ஒருவரின் கதை அல்ல. ஜெர்மன் படிக்கும் நர்ஸ்கள், இன்ஜினீயர்கள், மேற்படிப்புக்குக் காத்திருக்கும் மாணவர்கள் எனப் பலரும் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். சிலர் தாண்டுவதில்லை. ‘எனக்கு மொழி வராது’, ‘நான் சோம்பேறி’ என்று தங்களுக்கே ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பு சரியா? பி1 பக்கம் வரும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

இப்போது இது ஏன் முக்கியம்?

ஜெர்மனியில் பணியாளர் தட்டுப்பாடு. 2024 அக்டோபரில், இந்தியாவிலிருந்து வரும் திறன்பெற்ற பணியாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அந்நாடு அறிவித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் ‘சான்ஸென்கார்ட்டெ’ எனும் வாய்ப்பு அட்டையும் வந்தது. வேலை கையில் இல்லாமலே அங்கு சென்று வேலை தேட இது வழி செய்கிறது. இதற்கு வேறு தகுதிகளோடு, மொழியில் குறைந்தது ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 வேண்டும்.

உள்ளே நுழைய ஏ1 போதும் என்றாலும், அங்கே வேலை பார்ப்பது வேறு விஷயம். நர்ஸிங் படிப்புக்கு ஜெர்மனியில் அங்கீகாரம் பெற, பொதுவாக பி2 கேட்கிறார்கள். அதாவது, ஆர்வம் வடியும் பி1-க்கும் அடுத்த படி. கோர்ஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், விட்டுவிட்ட வேலை, வீட்டின் எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிப்பது இந்த இரண்டு படிகளுக்கு இடையில்தான்.

ஏ1, பி1 என்பதெல்லாம் என்ன கணக்கு?

ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட பொது அளவுகோல் இது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள். ஏ என்றால் தொடக்கம். பி என்றால் தானாகச் சமாளிக்கும் நிலை. சி என்றால் சரளம்.

படிகளின் பெயரைப் பார்த்தால் எல்லாம் ஒரே உயரம் போலத் தெரியும். அப்படி இல்லை. ஜெர்மன் மொழியைக் கற்பிக்கும், தேர்வு நடத்தும் கதே நிறுவனம் தரும் உத்தேசக் கணக்கு இது (இந்தியாவில் அதன் மையங்களுக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர், சென்னையில் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது). தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு படியையும் எட்டத் தேவைப்படும் 45 நிமிட வகுப்புகள்:

• ஏ1: 80 முதல் 200
• ஏ2: 200 முதல் 350
• பி1: 350 முதல் 650
• பி2: 600 முதல் 800

பி2-க்கான 600 முதல் 800 வகுப்புகளை மணிக்கணக்கில் மாற்றினால் 450 முதல் 600 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம், ஒரு நாள்கூட விடாமல் படித்தாலும் 15 முதல் 20 மாதம். வீட்டுப்பாடம், மனப்பாடம் எல்லாம் இதில் சேராது.

ஆக, ‘ஆறே மாதத்தில் பி2’ என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தவர், ஆறாவது மாதத்தில் பி1 புத்தகத்தோடு திணறினால் அவரிடம் கோளாறு எதுவும் இல்லை. வேலையையும் பார்த்துக்கொண்டு படித்தால் கணக்கே அப்படித்தான் வரும். முழுநேரமாக, நாள் முழுக்க அதே வேலையாகப் படிப்பவருக்கு மட்டும்தான் ஆறு மாதம் என்பது பேசக்கூடிய கணக்கு.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தரும் பயிற்சி மையம் ஒன்றை நடத்துகிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் முழுநேரமாகப் படித்து வேலைக்குத் தேவையான அளவு பேச, ஜெர்மனுக்குச் சுமார் 36 வாரம் என்கிறது அது. ஜப்பானிய மொழிக்கு 88 வாரம். நம் தமிழுக்கு 44 வாரம். அவர்கள் கணக்கில் ஜெர்மனைவிடக் கடினமான மொழி ஒன்றை இங்கே எல்லோரும் டீக்கடையிலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள்!

நடுவில் வண்டி ஏன் நிற்கிறது?

காரணம் ஒரு சாதாரண சொல் கணக்கு. எந்த மொழியிலும் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலான சொற்கள் எப்போதாவதுதான் தலைகாட்டும். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் ஆங்கிலத்தை வைத்து இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதிகம் புழங்கும் முதல் 2,000 சொற்குடும்பங்கள் தெரிந்தால், சாதாரணமாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தில் சுமார் 80 சதவீதம் தெரிந்த சொல்லாக இருக்கும். ஆனால் ஒரு நாவலையோ நாளிதழையோ துணையின்றிப் படிக்க 98 சதவீதம் தெரிய வேண்டும். அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை.

முதல் 2,000 தந்தது 80 சதவீதம். அடுத்த 6,000, 7,000 சேர்ந்து தருவது வெறும் 18 சதவீதம். உழைப்பு மூன்று மடங்குக்கு மேல். கண்ணுக்குத் தெரியும் பலன் கால்வாசிக்கும் கீழே.

ஜெர்மனிலும் வடிவம் இதுதான். கதே நிறுவனத்தின் சொற்பட்டியலில் ஏ1-க்குச் சுமார் 650 சொற்கள், ஏ2-க்கு 1,300, பி1-க்கு 2,400. ஏ1 படிக்கும்போது புதிதாகக் கற்ற சொல் அன்றைக்கே பத்து இடத்தில் கண்ணில் படும். ‘அட, இது எனக்குத் தெரியுமே!’ என்ற அந்தச் சின்ன சந்தோஷம்தான் அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்க வைத்தது. பி1-ல் கற்ற சொல் மறுபடி கண்ணில் படவே ஒரு வாரம் ஆகலாம். உழைப்பு குறையவில்லை. சந்தோஷம் வரும் இடைவெளிதான் நீண்டுவிட்டது.

80 சதவீதம் என்றால் நிறைய என்று தோன்றும். அது எப்படி இருக்கும் என்று தமிழிலேயே பார்க்கலாம்:

“காலையில் நோயாளிக்கு ______ பிறகு இந்த மாத்திரையில் ______ மட்டும் கொடுக்க வேண்டும்.”

பத்துச் சொற்களில் எட்டு தெரியும். ஆனால் எதற்குப் பிறகு? உணவுக்கா, ஊசிக்கா? எவ்வளவு மட்டும்? பாதியா, ஒன்றா? எட்டுச் சொல் தெரிந்தும் அந்த வார்டில் நிற்கும் நர்ஸால் மாத்திரையைத் தொட முடியாது. பி2 கேட்பதற்கான காரணமும், பி1-ல் வரும் சலிப்புக்கான காரணமும் இந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. நிறையத் தெரிகிறது, அது எதற்கும் உதவாதது போல் இருக்கிறது.

படித்ததெல்லாம் மறந்துபோகிறதே?

“நேத்து படிச்சது இன்னைக்கு ஞாபகம் இல்லை” என்பது அடுத்த புகார். இதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ஜெர்மானியர் பதில் தேடினார். ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னைத்தானே சோதித்தார். 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழித்து மிஞ்சியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது.

சறுக்கல் முதல் நாளில்தான் அதிகம், பிறகு மெதுவாகிறது. எனவே மறப்பது குறை இல்லை. மூளை இயல்பாகச் செய்யும் வேலை. மறக்கப்போகும் நேரத்தில் ஒருமுறை நினைவூட்டினால், அடுத்த மறதி தள்ளிப்போகும்.

இதை வைத்துத்தான் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் ஒரு அட்டைப்பெட்டி முறையைப் பிரபலமாக்கினார். பெட்டியில் ஐந்து அறைகள். புதுச் சொல் எழுதிய அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தவறினால் மறுபடி முதல் அறைக்கே வரும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னால் உள்ளவற்றை இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும். இன்றைக்கு மொபைலில் இருக்கும் ஃபிளாஷ்கார்டு ஆப்களின் தாத்தா இந்தப் பெட்டிதான்.

400 நாள் ஸ்ட்ரீக் இருந்தும் பேச வரவில்லையே?

டூயோலிங்கோ போன்ற ஆப்களின் பலம் ஸ்ட்ரீக். ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும் என்ற பயம், இரவு 11.50-க்குப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும். கிடைப்பதன் மகிழ்ச்சியைவிட இழப்பதன் வலி மனிதர்களுக்குப் பெரிது என்று டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-ல் எழுதினார்கள். ஸ்ட்ரீக் அந்த வலியைத்தான் பிடித்துக்கொள்கிறது.

பழக்கம் ஏற்படுத்த அது நல்ல கருவி. சிக்கல் எங்கே வருகிறது என்றால், அளக்கும் பொருள் மாறிவிடுகிறது. ஸ்ட்ரீக் அளப்பது, ‘இன்று ஆப்பைத் திறந்தாரா?’ என்பதை. ‘இன்று ஒரு வாக்கியம் கூடுதலாகப் புரிந்ததா?’ என்பதை அது அளப்பதில்லை. நெருப்புக் குறியைக் காப்பாற்றுவதற்காகவே ஏற்கெனவே தெரிந்த பாடத்தைத் திரும்பப் போட்டு, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தூங்கப் போவது நிறையப் பேர் செய்வதுதான். ஒரு நாள் காய்ச்சலில் ஸ்ட்ரீக் உடைந்தால், 400 நாள் படித்ததே வீண் என்பது போல மனசு விட்டுப்போகும். கற்றது எங்கும் போகவில்லை. போனது ஓர் எண் மட்டும்.

வேலைக்காகப் படித்தால் ஆர்வம் நிற்காதா?

“மொழி மேல காதல் இருக்கணும், விசாவுக்காகப் படிச்சா வராது” என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் மல்லுக்கட்டும் கேள்வி இது.

கனடாவின் மான்ட்ரியாலில் பிரெஞ்சு கற்ற ஆங்கில மாணவர்களை ஆராய்ந்து, ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட் இருவரும் 1959-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். படிப்பதற்கான காரணத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, அந்த மொழி பேசும் மக்களோடு கலக்க வேண்டும் என்ற ஆசை. இன்னொன்று, வேலை, சம்பளம், தேர்வு போன்ற பயன். முதலாவதே பலமானது என்பது அன்றைய முடிவு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1991-ல் கார்ட்னரும் பீட்டர் மெக்கின்டயரும் மாணவர்களுக்குச் சொற்களைக் கொடுத்து, நன்றாகச் செய்தால் ரொக்கப் பரிசு என்று ஒரு குழுவிடம் சொன்னார்கள். பரிசும் வேலை செய்தது. பரிசுக்காகப் படித்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். பரிசை எடுத்துவிட்டதும் அந்தக் கூடுதல் நேரமும் காணாமல் போனது.

இதிலிருந்து புரிவது இதுதான்: சம்பளத்துக்காகப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அது நன்றாகவே வண்டியை ஓட்டும். ஆனால் பரிசு தூரத்தில் இருக்கும்போதும், அது கிடைக்குமா என்ற சந்தேகம் வரும்போதும் ஓட்டம் தளரும். விசா நேர்காணல் தள்ளிப்போன செய்தி வந்த வாரத்தில் புத்தகத்தைத் தொட மனம் வராதது அதனால்தான்.

ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் பேராசிரியராக இருந்த ஜோல்டான் டோர்ன்யெய் 2005-ல் வேறு கோணத்தில் யோசித்தார். மொழி கற்பவர் மனதில் எதிர்கால ‘நான்’ இரண்டு இருக்கின்றன என்றார். ஒன்று, ‘நான் ஆக விரும்பும் நான்’. இன்னொன்று, ‘மற்றவர்களுக்காக நான் ஆகியே தீர வேண்டிய நான்’. “அப்பா கடன் வாங்கிக் கட்டியிருக்கார், பாஸ் பண்ணியே ஆகணும்” என்பது இரண்டாவது. அது காலையில் எழுப்பிவிடும். கூடவே பயத்தையும் எழுப்பிவிடும். வார்டில் ஒரு முதியவர் சொன்ன ஜோக்குக்குப் புரிந்து சிரிக்கும் தன்னைக் கண்முன் பார்ப்பது முதலாவது. கடனை நினைத்து மட்டும் 20 மாதம் ஓட முடிவது அபூர்வம். கூடவே அந்தச் சிரிப்பும் வேண்டும்.

தமிழ் தெரிந்தவருக்கு ஜெர்மனில் ஏதாவது சலுகை உண்டா?

உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை, காரணம் ஜெர்மனை ஆங்கிலம் வழியாகவே படிக்கிறார்கள்.

• வினை கடைசியில்: ‘வைல்’ என்று தொடங்கும் காரண வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். ‘வைல் இஷ் ஹொய்டெ கைனெ ட்சைட் ஹாபெ.’ ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு இது தலைகீழ். “எனக்கு இன்னைக்கு நேரம் இல்லாததால” என்று வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகியவருக்கு அது வீட்டுப் பழக்கம்.

• வேற்றுமை: ஜெர்மனில் நான்கு வேற்றுமைகள் என்றதும் பயம் வரும். தமிழில் எட்டு. டாக்டர் என்பதற்கு ‘டெர் ஆர்ட்ஸ்ட்’. ‘டாக்டரை’ என்றால் ‘டென் ஆர்ட்ஸ்ட்’. ‘டாக்டருக்கு’ என்றால் ‘டெம் ஆர்ட்ஸ்ட்’. நாம் சொல்லின் வாலில் செய்வதை அவர்கள் தலையில் செய்கிறார்கள். எல்லா இடத்திலும் ‘ஐ’யும் ‘கு’வும் அப்படியே பொருந்தாது, ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல பிடி.

• நீ, நீங்கள்: ‘டூ’ என்றால் நீ, ‘ஸீ’ என்றால் நீங்கள். யாரிடம் எதைச் சொல்வது என்ற கூச்சம்கூட அப்படியே நம் ஊர்க் கூச்சம்தான்.

கஷ்டமான இடமும் உண்டு. தமிழில் ஆண்பால், பெண்பால் என்பது அர்த்தத்தைப் பொறுத்தது. ஜெர்மனில் ஸ்பூன் ஆண்பால், ஃபோர்க் பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. சொல்லை மட்டும் மனப்பாடம் செய்யாமல் ‘டெர் லொஃபெல், டீ காபெல், டாஸ் மெஸ்ஸர்’ என்று முன்னொட்டோடு சேர்த்தே பழகுவதுதான் வழி. முதல் 650 சொற்களை முன்னொட்டு இல்லாமல் படித்தவர்கள்தான் பி1-ல் அதிகம் அவதிப்படுகிறார்கள். அவர்கள் பழைய பட்டியலுக்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்வது பின்னடைவு ஆகாது.

எதிர்த் திசையில் வந்த ஒருவர்

1706 ஜூலை மாதம், சுமார் 24 வயது ஜெர்மானியர் ஒருவர் கப்பலில் தரங்கம்பாடி வந்து இறங்கினார். அப்போது அது டேனிஷ்காரர்களின் ஊர். வந்தவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்க். தமிழில் ஓர் எழுத்து தெரியாது. இன்றைக்கு இருப்பது போல கோர்ஸ் இல்லை, ஆப் இல்லை, அகராதியும் கையில் இல்லை.

அவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். பிறகு தனக்கென ஒரு நேரக் கணக்கு வைத்துக்கொண்டார். அதை அவரே கடிதத்தில் விவரித்திருக்கிறார். காலை ஏழிலிருந்து எட்டு வரை, முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்பப் பார்ப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, அதுவரை படிக்காத தமிழ் நூலைப் படிப்பது. பக்கத்தில் விளக்கம் சொல்ல ஒரு வயதான புலவர், புதுச்சொல் வந்தால் குறித்துக்கொள்ள ஓர் எழுத்தர். மாலையில் மறுபடி வாசிப்பு. பழையதைத் திரும்பப் பார்க்க ஒரு நேரம், புதியதைப் படிக்க ஒரு நேரம், சந்தேகம் கேட்க ஒரு மனிதர். எபிங்ஹவுஸுக்கு 170 ஆண்டுகளுக்கு முன்பே அதே முறை.

அவரும் வேலைக்காக வந்தவர்தான். மதம் பரப்புவது அவர் பணி. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் அதற்காகவே. ஆனால் அதற்கு முன்பே, 1708-ல், உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்துவிட்டார். 1716-ல் அவருடைய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வேலைக்குக் கற்ற மொழியில், வேலைக்கு வெளியேயும் படிக்க அவருக்கு ஏதோ இருந்தது.

சரி, இன்று மாலை என்ன செய்யலாம்?

பி1-ல் தளர்வது மன உறுதி இல்லாததால் அல்ல, அளவுகோல் பொருந்தாததால் என்றால், முதலில் மாற்ற வேண்டியது அளவுகோலைத்தான்.

1. மாதம் ஒருமுறை குரல் பதிவு. இரண்டு நிமிடம், ஒரே தலைப்பு. ‘என் வேலை நாள்’ போதும். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து முதல் பதிவைக் கேட்டால், தினசரி கண்ணில் படாத வளர்ச்சி காதில் விழும். உயரம் தினமும் தெரியாது. சுவரில் போட்ட பென்சில் கோடு சொல்லும்.

2. ஒரே ஆடியோவை மறுபடி கேட்பது. ஜெர்மன் அரசு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே, மெதுவாக வாசிக்கும் செய்திகளை இலவசமாகத் தருகிறது. ஏ1 முதல் பி1 வரை ‘நிகோஸ் வேக்’ என்ற வீடியோ தொடரும் அதில் உண்டு. திங்கள்கிழமை கேட்டபோது புரியாத இடம், அதையே வெள்ளிக்கிழமை கேட்கும்போது புரிந்தால் அந்த வாரம் வென்றாயிற்று.

3. தேர்வை நான்காக வெட்டுவது. கதே பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுத்தால் பாஸ். நான்கையும் ஒன்றாகத்தான் எழுத வேண்டும் என்பதில்லை, தனித்தனியாக எழுதலாம். எழுதுதலில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். ‘பி1 பாஸ்’ என்ற மலையைவிட ‘இந்த இரண்டு மாதம் கேட்டல்’ என்ற மேடு ஏறக்கூடியது.

4. மோசமான நாளுக்கு ஒரு குறைந்தபட்சம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த நாளில் இரண்டு மணி நேரத் திட்டம் நடக்காது. அன்றைக்குப் பத்து அட்டை, ஐந்து நிமிடம் என்று முன்பே முடிவு செய்துவிட்டால் ‘இன்னைக்கும் போச்சு’ என்ற குற்றவுணர்வு வராது. ஒரு நாள் விட்டுப்போனாலும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டாம். மாதத்தில் எத்தனை நாள் படித்தோம் என்று எண்ணினால் போதும்.

5. ஒரு மனிதர். வாரம் அரை மணி நேரம், தப்பும் தவறுமாக ஜெர்மனில் மட்டும் பேச வகுப்புத் தோழர் ஒருவர் போதும். கேமரா ஆஃப் செய்த வகுப்பில் யாரும் தேட மாட்டார்கள். தனக்காக ஒருவர் போனில் காத்திருந்தால் போகாமல் இருப்பது கஷ்டம்.

6. தேர்வில் வராத ஒன்று. ஃபுட்பால் வர்ணனை, சமையல் வீடியோ, ரயில் பற்றிய வலைத்தொடர், எதுவானாலும் சரி. ஏற்கெனவே தமிழில் பிடித்த விஷயத்தை ஜெர்மனில் பார்ப்பது. பரிசு தள்ளிப்போகும் வாரங்களில் மொழியைப் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

நிறுத்திவிடலாமா?

அதுவும் நியாயமான கேள்விதான். வாழ்க்கைத் திட்டம் மாறலாம். இங்கேயே நல்ல வேலை கிடைக்கலாம். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போகலாம். கணக்குப் போட்டுப் பார்த்து, இந்தப் பணமும் நேரமும் வேறு இடத்துக்குப் போகட்டும் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது தோல்வி ஆகாது. ஏற்கெனவே இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்பதற்காக மட்டும் தொடர வேண்டியதும் இல்லை.

ஆனால் நிறுத்துவது வேறு, நின்றுபோவது வேறு. முதலாவது ஒரு நாளில் எடுக்கும் முடிவு. வீட்டில் சொல்லலாம், நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டாவதில் முடிவே இருக்காது. மாதக்கணக்கில் ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று ஓடும்; கட்டிய பணமும் தன்மேல் இருந்த நம்பிக்கையும் சேர்ந்து கரையும். முடிவெடுப்பதற்கு முன் குறைந்தது ஒரு மாதமாவது சரியான அளவுகோலை வைத்து அளந்து பார்ப்பது நல்லது. தவறான ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு ‘நான் குட்டை’ என்று சொல்வதில் பொருளில்லை.

அந்தப் பேனா இன்னும் மூன்றாவது பாடத்தில்தான் இருக்கிறது. இன்று மாலை பாடம் முழுவதையும் முடிக்க வேண்டியதில்லை. மொபைலில் ரெக்கார்டரைத் திறந்து, இரண்டு நிமிடம், தெரிந்த ஜெர்மனில் இன்றைய ஷிஃப்ட்டைப் பற்றிப் பேசிச் சேமித்து வைத்தால் போதும். கேட்கச் சகிக்காமல்தான் இருக்கும். தேதியைப் போட்டு வைக்கலாம். அடுத்த முறை “எப்போ ஜெர்மனி கிளம்புற?” என்று தெருவில் கேட்டால், “பி1 போயிட்டிருக்கு அக்கா, இந்த மாசம் கேட்டல் மட்டும் பாக்கறேன்” என்று பதில் சொல்லலாம்.